சுவரில்லாத கொட்டகையைக் காகிதத்தில் நிறுத்துவது

2022ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஓர் அமெரிக்கப் பண்ணைக் கட்டடத்தைத் தடித்த தாளில் அச்சிட்டு, வெட்டி, மடித்து, ஒட்டி, ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கேரம் பலகையின் மீது நிறுத்தினேன். சிவப்புச் சுவர், வெள்ளைச் சட்டமிட்ட இரட்டைக் கதவு, பாதியில் ஒடிந்து செங்குத்தாக இறங்கும் கூரை என்று பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. அப்போது ஏழு வயதான என் மகள் தன்னுடைய பிளாஸ்டிக் பசுவை எடுத்து வந்து அந்தக் கதவில் முட்டிப் பார்த்தாள். கதவு வெறும் படம், அது திறக்கவில்லை. பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா கட்டடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இது என்னா குடோனா? மாடு எப்படி உள்ள போவும்? மூத்திரம் எங்க போவும்?" என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அம்மா மீஞ்சூரைத் தாண்டி, பொன்னேரிப் பக்கத்தில் நெல் விளையும் ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி ராயபுரத்துக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டபோதும், கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறினால் அனுப்பம்பட்டு நெருங்கும்போதே சன்னல் பக்கம் திரும்பி, எந்த வயலில் நாற்று விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். நானோ துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவன். பண்ணை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாதவரம் பால்பண்ணைப் பேருந்து நிறுத்தம். பிழைப்புக்கு நான் செய்வது அட்டைப் பெட்டிகளுக்கு வடிவம் வரைந்து கொடுப்பது. இனிப்புப் பெட்டி, வேட்டிப் பெட்டி, கல்யாணத் தாம்பூலப் பெட்டி என்று எது வந்தாலும், எங்கே வெட்ட வேண்டும், எங்கே க்ரீசிங், அதாவது மடிப்புக்கான தடம், விழ வேண்டும், எந்த மடிப்பில் பசை போக வேண்டும் என்று கணினியில் கோடு கோடாக வரைந்து, அட்டையை வெட்டும் டை அச்சு செய்பவரிடம் அனுப்புவேன். அரைக் கிலோ மைசூர்பாகுப் பெட்டிக்கும் ஒரு பண்ணைக் கட்டடத்துக்கும் கூரையைத் தவிர வேறு வேறுபாடு இருக்காது என்று நினைத்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

அந்த எண்ணம் தவறு என்பதை அம்மாவின் கேள்விகள் காட்டின. குளிர்நாட்டுப் பண்ணைக் கட்டடம் ஒரு பெட்டிதான். பனிக்காலத்தில் மாடுகளை மாதக்கணக்கில் உள்ளே வைத்துக் காக்க வேண்டும், அவற்றுக்கான உலர்புல்லை மேல்தளத்தில் சேர்த்து வைக்க வேண்டும், ஆகவே அங்கே சுவர்தான் முதன்மை. அந்தப் புகழ்பெற்ற சிவப்பு நிறம்கூட, மரச்சுவர் உளுத்துப் போகாமலிருக்க ஆளி விதை எண்ணெயில் இரும்புத் துருவைக் கலந்து பூசியதால் வந்தது. நம் ஊர் மாட்டுக் கொட்டகையில் காக்க வேண்டியது வெயிலிலிருந்தும் மழையிலிருந்தும்தான். காற்று தாராளமாக ஓட வேண்டும், சாணத்தின் வாடை தங்கக் கூடாது. எனவே அங்கே இருப்பது கூரையும் அதைத் தாங்கும் கால்களும் மட்டுமே. சுவர் இருந்தால் அது முழங்கால் உயரத்துக்கு மேல் போவதில்லை. நெல் அடிக்கும் களத்துக்குச் சுவரே கிடையாது. ஆட்டுப்பட்டி முழுக்க இடைவெளிகளால் ஆனது.

காகிதத்தின் குணமோ இதற்கு நேர் எதிரானது. நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக மடித்தால் ஒரு தாள் வியப்பூட்டும் அளவுக்குப் பாரம் தாங்கும். அதையே மெல்லிய கீற்றாக வெட்டித் தூணாக நிறுத்தினால் குழந்தை மூச்சு விட்டாலே சாய்ந்துவிடும். பிரான்சின் எபினால் நகரில் 1796இல் தொடங்கிய பெல்லெரன் அச்சகமும், ஜெர்மனியின் எஸ்லிங்கன் நகரில் 1831இல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகமும் வெட்டி ஒட்டும் தாள்களை அச்சிட்டு விற்றுப் பெயர் பெற்றவை. அந்த மரபில் வந்த கோட்டைகளும் தேவாலயங்களும் பண்ணை வீடுகளும் பெரும்பாலும் மூடிய பெட்டிகளே. இன்று மேசை விளையாட்டுக்காரர்களுக்காக வடிவமைக்கப்படும் காகிதக் கட்டடங்கள் பலவும் அதே வழியில் வந்தவை. நம் கொட்டகையை அந்த முறையில் வரையப் போனால், காகிதம் எதில் பலமோ அதைக் கைவிட்டுவிட்டு, எதில் பலவீனமோ அதை நம்ப வேண்டியிருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்த ஒரு சிக்கலோடுதான்.

அளவை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மேசைப் போர் விளையாட்டுகளில் பரவலாகப் புழங்கும் பொம்மை வீரர்கள் 28 மில்லிமீட்டர் உயரமுள்ளவர்கள். அவர்களுக்கு ஏற்ற கட்டடத்தை 56இல் ஒரு பங்காக வரைய வேண்டும் என்பார்கள். 56ஆல் வகுத்துக்கொண்டிருப்பது எனக்குச் சலிப்பாக இருந்ததால் 50இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். ஒரு மீட்டர் என்றால் 2 சென்டிமீட்டர், மனக்கணக்காகவே போட்டுவிடலாம். மகளின் பசு நாலரை சென்டிமீட்டர் நீளமும், கொம்பின் நுனிவரை 3 சென்டிமீட்டர் உயரமும் இருந்தது. இந்த அளவுக்கு அது ஒரு நல்ல கறவைப் பசு. கேரம் பலகையின் ஆடுகளம் பக்கத்துக்கு 74 சென்டிமீட்டர், அதாவது 37 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 34 சென்ட் நிலம் வருகிறது. வடசென்னையில் பலகை இல்லாத தெருவைக் காண்பது அரிது. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் பட்டம் வென்ற காசிமா இந்தப் பகுதியின் பெண்தான். எங்கள் வீட்டிலும் அப்பா காலத்துப் பலகை ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. 34 சென்ட் சொந்த நிலம் ராயபுரத்தில் வேறு எப்படிக் கிடைக்கும்?

அம்மா சொன்ன கணக்குப்படி மூன்று மாட்டுக்கான கொட்டகை 5 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் இருக்கும். தாழ்ந்த பக்கத்தில் கூரை ஆள் உயரத்துக்கு நிற்கும். காகிதத்தில் 10 சென்டிமீட்டர் நீளம், 6 சென்டிமீட்டர் அகலம், கால்களின் உயரம் 3.6 சென்டிமீட்டர், முகடு 6 சென்டிமீட்டர். முதல் முயற்சியில் தூண்களைத் தனித்தனியாகச் செய்தேன். கீற்றை மூன்றாக மடித்து முக்கோணக் குழாயாக்கி, மேலும் கீழும் சிறு காதுகள் விட்டு ஒட்டினால் நிற்கத்தான் செய்தது. ஆனால் குழந்தைகளின் விரலுக்குத் தாங்கும் பருமனில் செய்தால், மூங்கில் காலாக இருக்க வேண்டியது கோயில் தூணாகிவிடுகிறது. மூங்கில் பருமனுக்கு இளைத்தால் ஒட்டுவதற்குள் கை நடுங்கிவிடுகிறது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகளை நட்டும் பார்த்தேன். அளவு வெகு பொருத்தம், பார்வைக்கும் அசல் மூங்கில். ஆனால் வரைபடத்தை அச்சிடும் ஒருவருக்குத் தாள், கத்தரி, பசை இவை மூன்றைத் தவிர வேறொன்றும் தேவைப்படக் கூடாது என்று நான் வைத்துக்கொண்ட பிடிவாதத்துக்கு அது ஒத்துவரவில்லை.

விடை கிடைத்தது பட்டறையில். சன்னல் வைத்த இனிப்புப் பெட்டி ஒன்றின் மாதிரியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது தெரிவதற்காக நான்கு பக்கமும் பெரிய சன்னலாக வெட்டிய பெட்டி அது. அட்டையில் பாதிக்கு மேல் போயிருந்தும் பெட்டி கோணவில்லை. காரணம், மூலைகளில் எஞ்சியிருந்த இரண்டு பட்டைகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் மடிந்து நின்றதுதான். வீடு திரும்பியதும் கொட்டகையைத் தூண்களின் தொகுப்பாக நினைப்பதை விட்டுவிட்டு, முழுச் சுவருள்ள பெட்டியாக வரைந்து அதில் வேண்டாததை வெட்டி எடுத்தேன். ஒவ்வொரு மூலையிலும் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்தேன். மடித்தபோது அதுவே காலாக நின்றது. மேலே 5 மில்லிமீட்டர் பட்டை வாரையாயிற்று. கீழே 1 சென்டிமீட்டர் உயரத்துக்கு விட்ட பட்டை, அரை மீட்டர் உயரக் குட்டைச் சுவராகவும் தீவனத் தொட்டியின் முதுகாகவும் வேலை செய்தது. நீளப் பக்கத்தின் நடுவில் ஒரு கால் விட்டேன். கட்டடம் பெட்டியின் பலத்தோடு நின்றது. பார்ப்பவர் கண்ணுக்குச் சுவர் இல்லை.

மாடு நுழையும் முனையில் மட்டும் கீழ்ப்பட்டையை எடுத்துவிட வேண்டியிருந்தது. அங்கே திறப்பின் உயரம் 31 மில்லிமீட்டர், பசுவின் உயரம் 30. தளர்ந்த அந்த இரண்டு கால்களையும் தரை அட்டையில் ஒட்டிவிட்டால் பெட்டியின் விறைப்பு திரும்பிவிடுகிறது. தரையை இரண்டு அடுக்குக் கிரே போர்டில் செய்து, மேல் அடுக்கில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன்; மூத்திரம் எங்கே போகும் என்ற அம்மாவின் கேள்விக்கான கால்வாய் அதுதான். அது எதற்கு என்று விளக்கிய அன்றே மகள் அதில் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றிச் சோதித்துவிட்டாள் என்பதால் அந்த முதல் தரை இப்போது இல்லை.

இன்னொரு சிக்கல் நான்கு பக்கத்தையும் கூட்டியபோது தெரிந்தது. 10, 6, 10, 6 சேர்த்தால் 32 சென்டிமீட்டர்; ஏ4 தாளின் நீளமோ 29.7. ஆகவே சுவரை ஒரே நாடாவாக வரைய முடியாது. ஒரு நீளப் பக்கமும் ஓர் அகலப் பக்கமும் சேர்ந்த இரண்டு துண்டுகளாகப் பிரித்து, எதிரெதிர் மூலைகளில் ஒட்டுப்பட்டை வைத்தேன். ஒரு தாளில் சுவர்கள், இன்னொன்றில் கூரையும் தரையும்.

கூரையில் நான் செய்த பிழை, வரைபடத்தோடு பிழைக்கும் ஒருவன் வெளியே சொல்லக் கூசும் பிழை. அகலம் 6 சென்டிமீட்டர், இருபுறமும் 1 சென்டிமீட்டர் தாழ்வாரம் நீட்ட வேண்டும், ஆக மொத்தம் 8 என்று வெட்டிவிட்டேன். மடித்து வைத்தால் தாழ்வாரமே இல்லை. கூரை சுவரோடு சுவராக நின்றுவிட்டது. சரிவின் நீளம் தரையில் விழும் அதன் நிழலை விடக் கூடுதல் என்பது எட்டாம் வகுப்புப் பிதாகரஸ். முகட்டிலிருந்து வாரை வரை கிடைமட்டத்தில் 3, இறக்கத்தில் 2.4, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி மூலம் எடுத்தால் 3.84. தாழ்வாரத்தையும் அதே சரிவில் நீட்டினால் ஒரு பக்கம் 5.12 சென்டிமீட்டர், இரு பக்கமும் சேர்ந்து 10.24. எட்டுக்கும் பத்தே காலுக்கும் இடையிலுள்ள அந்த இரண்டே கால் சென்டிமீட்டரில்தான் கொட்டகையின் முழு அழகும் இருக்கிறது. தாழ்ந்து இறங்கி நிழல் விழும் கூரை இல்லையென்றால் அது பேருந்து நிழற்குடை போலத் தோன்றுகிறது.

தாளைப் பற்றி நீளமாகச் சொல்லலாம், சுருக்கிக்கொள்கிறேன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே காகித வியாபாரிகளிடம் 200 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு கேட்டு வாங்குகிறேன். ஒரு சதுர மீட்டர் தாள் 200 கிராம் எடை இருக்கும் என்பது அதன் பொருள். அதற்குக் கீழே போனால் கால்கள் தொய்கின்றன. 300க்கு மேலே போனால் 4 மில்லிமீட்டர் பட்டையை மடிக்கும்போது வெளிப்புறம் வெடிக்கிறது. இயந்திரத்தில் செய்த தாளில் நார் பெரும்பாலும் ஒரு திசையில் ஓடும். அதன் போக்கில் மடித்தால் கோடு வாள்போல் விழும். குறுக்கே மடித்தால் பிசிறும். ஒரு துண்டை இருபக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதில் வளைகிறது என்று கையே சொல்லிவிடும். முகடு நாரின் போக்கில் அமையும்படி கூரையை வைக்க வேண்டும். அப்போது மடிப்பும் சுத்தமாக விழுகிறது, நீளவாக்கில் கூரை தொய்வதும் இல்லை. இதை வீண் நுணுக்கம் என்று நினைப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் ராயபுரத்தில் தங்கிப் பார்க்கலாம். கடற்காற்றின் ஈரத்தைக் குடித்த தாள் நாருக்குக் குறுக்கேதான் உப்பும். நார் மாறி ஒட்டிய கூரைகள் ஒரே இரவில் அப்பளமாகிவிடும்.

மடிப்புக் கோட்டை அழுத்துவதற்கு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை மிஞ்சிய கருவி கிடையாது. இரும்பு ஸ்கேலை வைத்து ஒருமுறை அழுத்தி இழுத்தால் போதும். பிளேடால் கீறி மடிக்கச் சொல்லும் விளக்கப் படங்கள் உண்டு. குழந்தைகள் கையாளும் பொருளுக்கு அது கூடாது. பத்து முறை திறந்து மூடினால் கீறிய இடத்தில் கையோடு வந்துவிடும்.

அச்சிடும் இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மகளின் தோழிகள் இருவர் ஆளுக்கொரு கொட்டகை கேட்டார்கள் என்பதால் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, அருகிலிருந்த ஜெராக்ஸ் கடை ஒன்றில் அச்சிட்டு வாங்கினேன். வெட்டி ஒட்டி முடித்தபின், மூன்று பிள்ளைகளின் முன்னிலையில், பசு வாசலில் இடித்துக்கொண்டு நின்றது. கொம்பைச் சாய்த்துப் பார்த்தார்கள், பின்புறமாக ஏற்றிப் பார்த்தார்கள், நுழையவில்லை. தாளின் ஓரம் வெட்டுப்படாமலிருக்க, கடைக்காரர் படத்தைப் பக்கத்துக்குள் அடக்கும் அமைப்பில் விட்டிருக்கிறார். நூற்றுக்கு 96 என்ற அளவில் எல்லாமே சுருங்கிவிட்டது. 31 மில்லிமீட்டர் வாசல் 30க்குக் கீழே இறங்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆதார் நகலுக்கு அந்த அமைப்புதான் சரி. அன்று முதல் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சரியாக 5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு போட்டு, "வெட்டுவதற்கு முன் இதை அளந்து பார்க்கவும்" என்று எழுதிவைக்கிறேன். 4.8 என்று காட்டினால் அந்தத் தாள் கோலப் பயிற்சிக்குப் போய்விடும்.

வண்ணத்திலா, கறுப்பு வெள்ளையிலா என்ற கேள்வியில் நான் கறுப்பு வெள்ளைக் கட்சி. வண்ண அச்சில் மடிப்பு விழும் இடத்தில் மை உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். அதை மறைக்கத் தனியாக ஒரு வேலை. வெறும் கோட்டுப் படமாகக் கொடுத்தால் செலவும் குறைவு, பிள்ளைகள் தாங்களே நிறம் தீட்டுவார்கள். தோழி ஒருத்தியின் கொட்டகை ஊதா நிறத்தில் நிற்கிறது. மாடு ஆட்சேபிக்கவில்லை.

ஆனால் கீற்றுக் கூரையை அச்சிட்ட படமாக விட எனக்கு மனம் வரவில்லை. தென்னங்கீற்று வேய்பவர்கள் தாழ்வாரத்திலிருந்து தொடங்கி மேலே போவார்கள். மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூடும், அப்போதுதான் மழைநீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதையே செய்து பார்த்தேன். பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டது போக மிஞ்சிய பிரவுன் தாளை 2 சென்டிமீட்டர் அகல நாடாக்களாக வெட்டி, ஒரு விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கத்தரியால் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் இழை இழையாக வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாடாவைத் தாழ்வாரத்தின் விளிம்பில் இழைகள் தொங்கும்படி ஒட்டி, அடுத்ததை 12 மில்லிமீட்டர் மேலே தள்ளி ஒட்டி, பக்கத்துக்கு நான்கு வரிசை முடிந்ததும், முகட்டின்மீது ஒரு நாடாவை நடுவில் மடித்துக் கவிழ்க்க வேண்டும். பசையை நாடாவின் மேல் விளிம்பில் மட்டும் தடவ வேண்டும். முழுக்கத் தடவினால் இழைகள் படிந்து போய் பிளைவுட் போல ஆகிவிடும். எல்லாம் முடிந்தபின் விரல் நகத்தால் இழைகளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை நிமிண்டிவிட்டால் கூரைக்கு உயிர் வந்துவிடுகிறது. புதுக் கீற்றுக்கு இந்த நிறம். மூன்று மழை கண்ட கூரை வேண்டுமென்றால் இனிப்புப் பெட்டியின் சாம்பல் நிற உட்புறத்தைப் பயன்படுத்தலாம். சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகைக்குப் பார்சல் பெட்டியின் மேல்தாளை நனைத்து உரித்தால் நெளிநெளியான உள்ளட்டை தயாராகக் கிடைக்கும்.

வைக்கோல்போரில் காகிதம் தன் எல்லையைக் காட்டியது. ஒரு தாளை ஒரு திசையில் வளைக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு திசையில் வளைக்க முடியாது. உருளை வரும், கூம்பு வரும், பானை வராது. 4 சென்டிமீட்டர் ஆரமும் 6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூம்புக்கு, ஏறத்தாழ 200 பாகை விரிவுள்ள வட்டத்துண்டை வெட்டினால் போதும்; சாய்வு உயரம் 7.2. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கோயில் கோபுரமா கட்டியிருக்க. போரு நடுவுல உப்பிக்கிட்டு இருக்கணும்பா" என்றார். உப்புவதற்காக, நடுவில் பருத்து மேலே குறுகும் மூன்று வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினேன். வெட்டவெட்டத்தான் புரிந்தது, நெல் சேர்த்து வைக்கும் மண் குதிர்களை இப்படித்தான் வளையம் வளையமாகச் செய்து அடுக்குவார்கள் என்று. ஆகவே அந்தத் தாளின் தலைப்பைக் குதிர் என்று மாற்றிவிட்டு, வைக்கோல்போரைச் செய்யும் பொறுப்பைப் பழைய தேங்காய் நாரிடம் ஒப்படைத்துவிட்டேன். காகிதப் பிடிவாதத்தில் நான் விட்டுக்கொடுத்த முதல் இடம் அதுதான்.

கிணற்றைக் கண்டுபிடித்தது நானல்ல, மகள். எல்லாக் காகிதக் கிணறுகளும் மேசைக்கு மேலே நிற்கும் கைப்பிடிச் சுவர்கள்தாம். எட்டிப் பார்த்தால் ஆழம் இருக்காது, மேசைதான் தெரியும். கேரம் பலகையின் மூலைக்குழியைக் காட்டி, "அப்பா, இங்க வச்சா நெசமாவே கெணறு" என்றாள். குழியின் விட்டம் சுமார் நாலரை சென்டிமீட்டர். எங்கள் அளவுக்கு இரண்டே கால் மீட்டர் அகலக் கிணறு. 14.1 சென்டிமீட்டர் நீளமும் 1.6 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பட்டையை வளைத்து ஒட்டிக் குழியைச் சுற்றி வைத்து, இரண்டு கால்களும் ஒரு குறுக்குக் கட்டையுமாக ராட்டினம் மாட்டி, நூலில் ஒரு காகித வாளியைக் கட்டினோம். வாளி அடியிலுள்ள வலையில் போய் உட்காருகிறது. ஒரு பலகைக்கு நான்கு கிணறு என்பது கொஞ்சம் அதிகம்தான். கட்டடங்கள் போரிக் பவுடர் படிந்த பலகையில் வழுக்கிக்கொண்டு ஓடியதால், ஒவ்வொரு தரைக்கும் அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை ஒட்டினேன்.

கட்டடங்கள் திறந்தபின்தான் விளையாட்டு பிறந்தது. உவே ரோசன்பர்க் வடிவமைத்து 2007இல் வெளிவந்த அக்ரிகோலா என்ற பண்ணை விளையாட்டில், மேய்ச்சல் கட்டம் ஒன்றுக்கு இரண்டு விலங்குகள், அதில் தொழுவம் வைத்தால் கொள்ளளவு இரட்டிப்பு என்று விதி போட்டிருப்பார்கள். எங்களுக்கு அந்த எண்ணே தேவைப்படவில்லை: கொட்டகைக்குள் எத்தனை மாடு நிற்கிறதோ அத்தனை. தாயக்கட்டையை உருட்டி மாடுகளை மேயவிட வேண்டும். தாயம் விழுந்தால் மழை. அடுத்த மூன்று உருட்டலுக்குள் கூரைக்குக் கீழே வராத மாடு எதிராளிக்குப் போய்விடும். பெரிய பிள்ளைகள் ஆறு மாட்டை நெருக்கித் திணித்து வென்றுகொண்டிருந்தார்கள். அம்மா தலையிட்டு, ஒன்றையொன்று தொட்டால் முட்டிக்கொள்ளும், மாடு படுத்து அசைபோட இடம் வேண்டும் என்று சொன்னதில், தொடாமல் நிற்க வேண்டும் என்ற விதி வந்தது. இப்போது மூன்று மாடு தாராளமாக நிற்கும். நான்காவதை நிறுத்த நிதானம் வேண்டும். கொட்டகையின் நடுக்காலை எங்கே வைப்பது என்ற என் முடிவு ஆட்டத்தின் முடிவையே மாற்றுகிறது என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன். ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்த வடிவில் நான்கு மாடு எளிதாக நின்று ஆட்டம் சப்பென்று ஆனது. பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் வந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த மொத்தப் பண்ணையும் ஊறிக் கூழாகிவிட்டது. அழுத மகளிடம், வெள்ளத்தில் மாடு தப்பித்துவிட்டது என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது, பிளாஸ்டிக் மிதக்கும். கோப்புகள் பத்திரமாக இருந்தன. தை பிறப்பதற்குள் பதினான்கு தாள் அச்சிட்டு எல்லாவற்றையும் மறுபடி எழுப்பினோம். முதல் முறை மூன்று மாதம் ஆன வேலை இரண்டு வாரத்தில் முடிந்தது. மறுமுறை கட்டியபோது கால்களின் உட்புறத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். வெள்ளத்துக்கு அது போதாது, வாடைக்காற்றின் ஈரத்துக்குப் போதும்.

பம்ப்செட் அறையை ஒரே மாலையில் வரைந்துவிட்டேன். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர், தட்டையான தளம், அச்சிட்ட கதவு. பெட்டி என்றால் பெட்டிதான், இனிப்புக் கடைக்கே அனுப்பலாம். எந்தப் பிள்ளையும் அதைத் தொடவில்லை. அதன் முன்னால் 6க்கு 4 சென்டிமீட்டரில் வாய் திறந்த தொட்டி ஒன்றைச் சேர்த்த பிறகு, இப்போது எல்லாப் பொம்மைகளும் அங்கேதான் குளிக்கின்றன.

இந்த மாதம் ஆட்டுப்பட்டியில் நிற்கிறேன். இடம் மாற்றி மாற்றி வைக்கும் படல்கள் அவை. மூங்கில் பிளாச்சுகளை இடைவெளி விட்டுப் பின்னியிருப்பார்கள். காகிதத்தில் அந்த இடைவெளிகளை வெட்டுவது பொறுமையின் கணக்கு, நிறுத்துவதுதான் பாடு. கீழே மடிப்பு விட்டேன், பின்னால் முட்டுக் கொடுத்தேன், எதுவும் அசல் படலாகத் தோன்றவில்லை. நான் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, மேசையில் கிடந்த இரண்டு துண்டுகளை எடுத்து ஓரத்தோடு ஓரமாகச் செங்கோணத்தில் பிடித்து, "ஒத்தப் படலு எங்கயாவது நிக்குமா? ரெண்டச் சேத்து மூலையில கட்டுனாதாம்பா நிக்கும்" என்றார். அந்த மூலையைக் கட்டுவதற்கு நூல் போதுமா, காகிதத்திலேயே ஒரு கொக்கி வெட்டுவதா என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்க வேண்டும்.